இருநூற்று நாற்பதாம் பக்கத்துக்கு மேல்

எடில்மா முதல் பக்கத்தை ஐந்தாவது முறையாகத் தொடங்கினாள். "நான் பிறந்த அன்று மலைகள் மௌனமாக இருந்தன" என்று ஆரம்பித்தது புத்தகம். மலைகள் வேறென்ன செய்யும் என்று அவள் யோசிப்பதற்குள் கண் இரண்டாம் பத்திக்கு வழுக்கி, அங்கிருந்து மூன்றாவதுக்கு இறங்கி, கடைசியில் மேசைமேல் கிடந்த கைபேசியில் போய் உட்கார்ந்துகொண்டது. கைபேசியில் ஒரு சுவரொட்டி வந்திருந்தது. மேயரின் செயலாளர் யெய்மி அனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி, சான் மெலித்தோன் நகரமன்ற அரங்கம், ஓய்வுபெற்ற நீதிபதி டாக்டர் எலியோதோரோ எழுதிய 'என் மண்ணும் என் மனசாட்சியும்' நூல் வெளியீடு. கருத்துரை: நோட்டரி டாக்டரா லிகியா, நகர நூலகர் டாக்டரா எடில்மா.

எடில்மா டாக்டர் அல்ல. அந்த ஊரில் டை கட்டியவன் டாக்டர், கட்டாதவன் வருங்கால டாக்டர், மேடையேறும் பெண்கள் எல்லோரும் டாக்டரா, இறங்கிவிட்டால் வெறும் டோன்யா, அதாவது அம்மா. அதில் அவளுக்குப் பயமில்லை. சுவரொட்டிக்குக் கீழே யெய்மி தன் பங்குக்குச் சில வரி சேர்த்திருந்தாள். "அக்கா, மேயர் ரொம்ப ஆசையா இருக்காரு. அவரோட சித்தப்பா புத்தகமாச்சே, நல்லா பேசிடுங்க. அப்புறம் உங்க ஒப்பந்தக் கையெழுத்து விஷயத்தைப் பாத்துக்கலாம்னாரு." ஒப்பந்தம் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் அவள் நூலகர். புதுப்பிக்காவிட்டால் பால் வண்டி ஓட்டும் மிசாயேலின் மனைவி. மிசாயேலின் வண்டியோ மூன்று வாரமாக எஞ்சின் பிரித்துப் போட்டபடி கொட்டகையில் கிடக்கிறது.

அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆறு வாரமாக அந்தப் புத்தகம் அவளிடம் இருக்கிறது. முதல் வாரம் மரியாதையாக மேசை நடுவில் இருந்தது. இரண்டாம் வாரம் மேசை ஓரத்துக்கு நகர்ந்தது. நான்காம் வாரத்திலிருந்து, காற்றுக்கு அடித்துக்கொள்ளும் ஜன்னல் கதவுக்கு முட்டுக்கொடுத்து, மனசாட்சியைவிட உருப்படியான ஒரு வேலையைச் செய்துவந்தது.

நூலகர் புத்தகம் படிக்கமாட்டாள் என்று வெளியாட்கள் யாரும் நம்பமாட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் வியப்பில்லை. மீன் கடைக்காரன் வீட்டில் கருவாடு தின்பதில்லை என்பதுபோல எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் நூலகத்துக்கு வருவது ஜெராக்ஸ் எடுக்க, அரசாங்க விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பித்தரச் சொல்ல, சந்தை நாட்களில் கழிப்பறைக்கு. எல்லோரையும் வாசகர் பதிவேட்டில் கையெழுத்துப் போடவைத்துவிடுவாள். சென்ற ஆண்டு நாலாயிரத்துச் சொச்சம் வாசகர்கள் என்று மாகாணத் தலைநகரிலிருந்து பாராட்டுப் பத்திரம்கூட வந்தது. அவர்களில் எத்தனை பேர் கையைக் கழுவினார்கள் என்று வேண்டுமானால் எடில்மாவால் சொல்லமுடியும். எத்தனை பேர் புத்தகத்தைத் தொட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அவள் கடைசியாக ஒரு புத்தகத்தை முடித்துப் பதினொரு வருடம் ஆகிறது. நேரமில்லை என்றுதான் கேட்பவர்களிடம் சொல்வாள்; எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் தினமும் ஒன்றரை மணி நேரம், முகம் தெரியாத ஒரு பெண்மணி சோள அடை தட்டுவதைக் கைபேசியில் பார்க்க நேரம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அடை தட்டுபவள் பதிலுக்கு எதையும் கேட்பதில்லை. புத்தகம் கேட்கும். ஒன்பது வயதில், வாசிப்புப் பாடத்தில், எஜமானின் கல்லறைமேல் படுத்துச் செத்துப்போன ஒரு நாயின் கதையைப் படித்துவிட்டு எடில்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. தேர்வில், இந்தக் கதை எதைப் பற்றியது என்ற கேள்விக்கு, "நாய் செத்துப்போச்சு" என்று எழுதினாள். முட்டை மார்க். சரியான விடை 'விசுவாசம்' என்று கன்னியாஸ்திரி சிவப்பு மையில் எழுதினாள். அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் எடில்மா முதலில் விசுவாசத்தைத் தேட ஆரம்பித்துவிடுவாள். அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நாய் எங்கோ அவள் பார்க்காமல் செத்துவிடும். அப்புறம் படித்து என்ன பயன்?

இருந்தாலும் இதுவரை ஐந்து நூல்களுக்குக் கருத்துரை வழங்கியிருக்கிறாள். அதற்கு ஒரு வழி உண்டு. பின்னட்டை, முன்னுரை, நன்றியுரையில் உள்ள பெயர்கள், நடுவில் கண்ணை மூடிக்கொண்டு திறந்த ஒரு பக்கத்திலிருந்து ஒரு மேற்கோள். கடைசியில், "இது வெறும் புத்தகமல்ல, நம் ஊரின் முகம் பார்க்கும் கண்ணாடி." கைதட்டல். பிளாஸ்டிக் கோப்பையில் இனிப்பு ஒயின். இந்த முறையும் அப்படியே முடிந்திருக்கும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, கறுப்பு கோட்டும் கைத்தடியுமாக டாக்டர் எலியோதோரோவே நூலகத்துக்குள் நுழைந்தார். ஜன்னல் முட்டிலிருந்து புத்தகம் மேசைக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடவுள் சில நேரம் இருக்கத்தான் செய்கிறார்.

"டோன்யா எடில்மா, மத்தவங்க பொதுவா ஏதாவது பேசுவாங்க. நீங்க ஏழாம் அத்தியாயத்தைப் பத்தி மட்டும் பேசுங்க" என்றார்.

"ஏழாவதா, டாக்டர்?"

"ஆமா. எப்படி இருந்துச்சு?"

எண்பத்தோரு வயதுக் கண்கள் அவள் முகத்திலேயே நின்றன. முப்பது வருடம் சாட்சிகளைப் பார்த்த கண்கள்.

"இன்னும் ஒருதரம் பொறுமையா படிச்சிட்டுச் சொல்லலாம்னு..."

"படிங்க" என்றார் கிழவர். தொப்பியைத் தொட்டுவிட்டு வெளியேறினார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, எடில்மா பொருளடக்கத்தைப் பார்த்தாள். ஏழாம் அத்தியாயம், 'அந்த வீடு', பக்கம் 241. வேகமாகப் புரட்டினாள். 238, 239, 240. அடுத்த பக்கம் 209. தப்பாகப் புரட்டிவிட்டோம் என்று மறுபடி புரட்டினாள். 240, அடுத்து 209. 209லிருந்து 240 வரை இரண்டாவது முறையாக முழுசாக ஓடி, அதற்கடுத்து 273 வந்தது. அச்சகத்தில் பதினாறு பக்கத் தாள்கட்டுகளான பாரங்களில் இரண்டை இன்னொரு தடவை வைத்துத் தைத்து, வரவேண்டிய இரண்டு பாரத்தை விட்டுவிட்டார்கள். 273ஆம் பக்கத்தின் உச்சியில் ஏழாம் அத்தியாயத்தின் வால் மட்டும் மிச்சமிருந்தது: "...என்று சொன்னேன், நீதிபதியாக, அண்ணனாக அல்ல. அதன் பிறகு அந்தக் கதவு எனக்குத் திறக்கவேயில்லை." அதற்குக் கீழே எட்டாம் அத்தியாயம்: 'நகராட்சி வடிகால் திட்டம், தோற்றமும் வளர்ச்சியும்'.

தன் பிரதி மட்டும் பழுது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. வெளியீட்டில் விநியோகிக்க நகராட்சி வாங்கிய முந்நூறு பிரதிகளும் பெட்டிபெட்டியாக நூலகத்தின் பின்னறையிலேயே இருந்தன. ஒன்றைப் பிரித்தாள். 240, 209. இன்னொன்று. வேறு பெட்டியிலிருந்து இரண்டு. ஒன்பதாவது பிரதியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊரில் ஏழாம் அத்தியாயம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

இதில் அவளைப் பயமுறுத்தியது அச்சுப்பிழையல்ல. ஆறு வாரத்துக்கு முன்பே நாற்பதுக்கும் மேற்பட்ட பெரிய மனிதர்களுக்கு டாக்டர் கையெழுத்திட்ட பிரதிகள் போயிருந்தன. எல்லோரும் பாராட்டிவிட்டார்கள். பாதிரியார் பிரசங்கத்தில் பாராட்டினார். நோட்டரி லிகியா உள்ளூர் வானொலியில், ஏழாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அழுததாகச் சொன்னதை எடில்மா பாத்திரம் கழுவிக்கொண்டே தன் காதால் கேட்டிருக்கிறாள்.

யெய்மியைக் கூப்பிட்டாள்.

"யெய்மி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். புத்தகத்துல ஏதாவது தப்பு இருந்தா..."

"தப்பா? மேயர் ரெண்டு தடவை படிச்சிருக்காரு அக்கா. இருந்தா அவர் கண்ணுல படாதா?" குரல் இறங்கியது. "அச்சடிச்சது அவரோட மச்சான். தெரியுமில்ல?"

"தெரியும், தெரியும். சும்மாதான் கேட்டேன்."

"எழுத்துப்பிழை மாதிரி எதுனா கண்ணுல பட்டா கண்ணை மூடிக்கங்க அக்கா. தேதி முப்பது நெருங்குது."

சமையலறையில் மிசாயேல் வெல்லத் தண்ணீரை ஊதிக் குடித்தபடி முழுக் கதையையும் கேட்டான். அந்த மலைப்பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். நாயைத் திட்டினாலும் மரியாதை குறையாது.

"கிழவர் என்ன எழுதியிருப்பாருன்னு நீங்களே யோசிச்சுச் சொல்லிடுங்களேன்" என்றான்.

"அவருக்குத் தெரியாதா அவர் எழுதினது?"

"அவர்கிட்டயே போய், பக்கம் இல்லைன்னு சொல்லிடுங்க."

"சொன்னா? 'ஆறு வாரமா நாப்பது பேர் பாராட்டினாங்களே, அவங்க எதைப் படிச்சாங்க'ன்னு கேப்பாரு. மேயர் எதைப் படிச்சாரு? மச்சான் எதை அடிச்சாரு? எல்லாம் என் தலையிலதான் வந்து விடியும். இன்னைக்குக் கேட்டப்போ, திரும்பப் படிச்சிட்டுச் சொல்றேன்னு நானும் அளந்து வச்சிருக்கேன்."

மிசாயேல் கோப்பைக்குள் பார்த்தான். "படிக்காம இருந்தப்போ நிம்மதியா இருந்தீங்க" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

புதன்கிழமை காலை நோட்டரி அலுவலகத்துக்குப் போனாள். டாக்டரா லிகியா முத்திரை குத்திக்கொண்டே பேசினாள். பேச்சுக்கு ஒரு முத்திரை.

"ஏழாம் அத்தியாயமா? அதைப் பத்தி என்ன சொல்றது, டோன்யா எடில்மா. அழுதுட்டேன்."

"எந்த இடத்துல, டாக்டரா?"

முத்திரை அந்தரத்தில் நின்றது. "எந்த இடத்துலன்னா? முழுசாவேதான். அதையெல்லாம் அறுத்துப் பாக்கக் கூடாது. பூவை யாராவது அறுத்துப் பாப்பாங்களா?"

"அந்த வீடு..."

"ஆமா, அந்த வீடு" என்றாள் லிகியா. ஒரு கணம் இருவர் பார்வையும் சந்தித்தது. எதிரில் இருப்பவளும் படிக்கவில்லை, வெள்ளிக்கிழமை அவளைத் தவிர வேறு துணையில்லை என்று இருவருக்குமே புரிந்தது. முத்திரை இறங்கியது. "அடுத்த ஆளை உள்ள வரச்சொல்லுங்க."

வேறு வழியில்லாமல்தான் எடில்மா படிக்க உட்கார்ந்தாள். ஏழாம் அத்தியாயத்தில் என்ன இருந்திருக்கும் என்று அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ளதிலிருந்து ஊகித்தாக வேண்டும். மலைகள் மௌனமாக இருந்தன. இருந்துவிட்டுப் போகட்டும். முப்பாட்டன்களின் பட்டியல், முப்பத்தொரு மேயர்களின் பட்டியல், இரும்புப் பாலத்தின் எடை. கொட்டாவி வந்தது. ஆனால் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் "என் தங்கை எர்சிலியா கிட்டார் வாசிப்பாள்" என்று ஒரே ஒரு வரி. இவளோ 'அண்ணனாக அல்ல' என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருப்பவள். பென்சிலால் கோடு போட்டாள். 131ஆம் பக்கத்தில் பாலம் திறப்புவிழாப் படம். இடமிருந்து வலமாக எல்லோருடைய பெயரும் பட்டமும் இருந்தன. எர்சிலியாவுக்கு அடுத்து நின்ற, சட்டைக் கையை மடித்துவிட்ட இளைஞனுக்கு மட்டும் 'பெயர் நினைவில்லை'. பாலத்தில் எத்தனை ஆணி என்று நினைவிருக்கும் மனிதருக்கு இந்தப் பெயர் மட்டும் எப்படி மறக்கும்?

கைபேசி மூன்று முறை அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. ஓய்வூதிய விண்ணப்பம் நிரப்ப வந்த கிழவர் ஒருவர் எதிரே ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "படிக்கிறீங்களாம்மா? உடம்புக்கு எதுவும் இல்லையே?" என்று கேட்டார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தை முடித்தாள். வீட்டில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. வியாழன் காலை, பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படத்தில் இருந்த இளைஞனின் கையைப் பார்த்தாள். விரல்கள் எர்சிலியாவின் சால்வை நுனியில் இருந்தனவா, நிழலா என்று சொல்லமுடியவில்லை. 236ஆம் பக்கம்: "அவ்வாண்டு எர்சிலியாவின் அறையைப் புத்தக அறையாக மாற்றினோம்." ஏன்? அவள் செத்ததாக எங்கும் இல்லையே, உயிரோடிருக்கும் பெண்ணின் அறையை எதற்கு மாற்றுவார்கள்? 240ஆம் பக்கத்தின் கடைசி வரியில், மழை பெய்த ஒரு திங்கட்கிழமை, ஒரு வழக்குக்கட்டு அவருடைய மேசைக்கு வருகிறது. கைதியின் பெயரைப் படித்ததும் அவர் எழுந்து கதவைச் சாத்துகிறார். அவ்வளவுதான். அடுத்தது 209. எடில்மா தன்னையறியாமல் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். கன்னியாஸ்திரி சிவப்பு மையோடு வந்து நின்றிருந்தாலும் கவனித்திருக்கமாட்டாள்.

எட்டிலிருந்து கடைசிவரை முந்நூற்று நாற்பது பக்கத்தையும், வடிகால் உட்பட, ஒரு வரி விடாமல் துழாவினாள். எர்சிலியாவின் பெயர் மறுபடி வரவேயில்லை.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. வாசலில் ஆளுக்கொரு பிரதி, பளபளக்கும் பிளாஸ்டிக் உறையோடு. நிகழ்ச்சி நிரல்படி தேசிய கீதம், மாகாண கீதம், நகர கீதம். மூன்றுக்கும் எழுந்து நின்றதிலேயே கூட்டம் பாதி களைத்துவிட்டது. மேயர் பேசினார். "இது வெறும் புத்தகமல்ல. நம் ஊரின் முகம் பார்க்கும் கண்ணாடி" என்று முடித்தார். எடில்மா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அவள் நம்பியிருந்த கடைசி முட்டும் போயிற்று. அடுத்து லிகியா, பூவை அறுக்காமல் பத்து நிமிடம் பேசினாள். "ஏழாம் அத்தியாயத்தைப் படிக்கையில் என் கண்ணீர் பக்கங்களை நனைத்தது" என்றாள். கைதட்டல்.

மேடையில் எடில்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் டாக்டர் எலியோதோரோ. அவர் கைதட்டவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார். அட்டையின் தலைப்பில் 7 என்று எழுதியிருந்தது. கீழே ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள், வரிசை வரிசையாக. எடில்மா பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். அட்டையை மறைக்கவில்லை.

"நாப்பத்தி நாலு" என்றார் மெல்ல.

"டாக்டருக்கு... தெரியுமா?"

"என் புத்தகத்தை நான் ஒருத்தனாவது படிக்கணுமில்ல." உதடு அசையாமல் பேசினார், சாட்சிக் கூண்டை நோக்கிப் பேசியவர்போல. "பெட்டி வந்த அன்னைக்கே பாத்துட்டேன். கத்தலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள என் அண்ணன் மகன், நம்ம மேயர், வந்து கட்டிப் பிடிச்சான். ஏழாவது எப்படிடான்னு கேட்டேன். பிரமாதம் சித்தப்பான்னான். சரி, இன்னும் யாரெல்லாம் பிரமாதம்னு சொல்றாங்கன்னு பாக்க ஆரம்பிச்சேன்." பென்சில் நுனியை அட்டையின்மேல் வைத்தபடியே அவள் பக்கம் திரும்பினார். "முப்பத்தி ரெண்டு பக்கம். எழுத ஒம்பது வருஷம் ஆச்சு."

"அடுத்து, நம் நூலகர் டாக்டரா எடில்மா" என்றது ஒலிபெருக்கி.

ஒலிவாங்கி வரை ஏழெட்டு அடி. அந்த ஏழெட்டு அடிக்குள் அவள் முன்வரிசையில் மேயரைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் மச்சானைப் பார்த்தாள். கைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கும் யெய்மியைப் பார்த்தாள். பின்வரிசையில், கொட்டகையில் வண்டியை விட்டுவிட்டுச் சட்டைக் கையில் கிரீஸோடு வந்திருந்த மிசாயேலைப் பார்த்தாள். அழுதேன் என்று ஒரே ஒரு வார்த்தை போதும். நாற்பத்தைந்தாவது கோடு, முப்பதாம் தேதி கையெழுத்து, வீட்டில் விளக்கெரியும். தாளைப் பிரித்தாள். எழுத்து எதுவும் கண்ணில் ஒட்டவில்லை. இரண்டு நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்த கேள்வி மட்டும் மிச்சமிருந்தது.

"டாக்டர்" என்றாள். கூட்டத்தைப் பார்த்தல்ல, திரும்பி நின்று. ஒலிவாங்கி பாதிக் குரலைத்தான் பிடித்தது. அதுவே அரங்கத்துக்குப் போதுமாயிருந்தது. "இருநூத்தி நாப்பதாம் பக்கம் வரைக்கும் படிச்சேன். நீங்க எழுந்து கதவைச் சாத்துறீங்க. அதுக்கப்புறம் என் புத்தகத்துல பக்கம் இல்லை. யாரோட புத்தகத்துலயும் இல்லை. அந்தக் கட்டுல இருந்தது பாலத்துப் படத்துல நிக்கிற பையனோட பேரா?"

மேயரின் சிரிப்பு அப்படியே முகத்தில் தங்கிவிட்டது, இறக்கி வைக்க இடம் தெரியாமல். லிகியா கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள். பிறகு பின்வரிசையில் எங்கோ ஓர் உறை கிழிந்தது. அடுத்து அதன் பக்கத்தில் ஒன்று. அப்புறம் வரிசை வரிசையாக, தகரக் கூரையில் மழை பிடிப்பதுபோல, அரங்கம் முழுக்கப் பிளாஸ்டிக் கிழியும் சத்தம். முந்நூறு பேரும் குனிந்தார்கள். விரலை எச்சில்படுத்திக்கொண்டு பக்கம் தள்ளினார்கள். 240. மறுபடி பின்னால் போனார்கள், முன்னால் வந்தார்கள். ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் எட்டிப் பார்த்தார்கள். மேயரும் குனிந்திருந்தார். மச்சான் தன் பிரதியைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தான், பக்கம் எங்காவது உதிர்ந்து விழுமோ என்பதுபோல. வெளியூர்க்காரன் எவனாவது அந்த நேரம் உள்ளே நுழைந்திருந்தால், இப்படி ஊரே ஒன்றுகூடிப் படிக்கும் இடம் உலகத்தில் வேறில்லை என்று எழுதிவைத்திருப்பான்.

டாக்டர் எலியோதோரோ எழுந்து நின்றார். கைத்தடியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு இரண்டடி முன்னால் வந்தார். அவர் உதடுகள் அசைந்தன. ஒரு பெயரைத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எடில்மா தாளைக் கீழே போட்டுவிட்டு, காதை அவர் வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.